திரையிசைத் தட்டுகளும் பாடபேதமும்

ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், கொழும்பிலே பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடையொன்றில் ஓர் ஆங்கிலத் திரைப்படத்தின் தட்டை வாங்கினேன். அப்படத்தை என் தந்தையார் இளமையிலே கண்டவர். கப்பல் துறைமுகத்தை விட்டு நீங்கும் காட்சியில் எழும் வயலின் இசையைப் பற்றி அவர் எங்களுக்கு எத்தனையோ இரவுகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். தட்டின் உறையிலே படத்தின் பெயர் இருந்தது. கப்பலின் சித்திரம் இருந்தது. படத்தின் மூல இசை இதுவே என்ற வாசகமும் இருந்தது. அந்த மாதச் சம்பளத்தில் நல்லதொரு பங்கைக் கொடுத்து வாங்கி, பக்குவமாகப் பொதிந்து, விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுபோனேன். அயல்வீட்டில் இரவல் பெற்ற கருவியிலே தட்டுச் சுழன்றது. தந்தையார் கண்ணை மூடியவாறு இரு பக்கங்களையும் முடிவுவரை கேட்டார். பின்னர் மெல்லச் சிரித்து, "எல்லாம் நல்லாய்த்தான் இருக்கு தம்பி, ஆனால் கப்பல் இன்னும் வெளிக்கிடேல்லை" என்றார்.

அந்த வயலின் இசை தட்டில் இல்லை. விசாரித்த பின்னரே உண்மை தெரியவந்தது. அத்தட்டிலிருந்த இசை படத்துக்கென வாசிக்கப்பட்டதன்று. தட்டுக்கென வேறொரு நாளில், வேறொரு குழுவினரைக் கொண்டு மீள வாசிக்கப்பட்டது. அதே படத்துக்கு வேறு பதிப்புகளும் உளவென்பதையும் அப்பொழுதே அறிந்தேன். உறையில் இவற்றுள் ஒன்றேனும் சொல்லப்படவில்லை.

திரைப்பட இசையைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் யாவரும் சொல்லும் முறைப்பாடு ஏறக்குறைய இதுவே. ஒரே படத்தின் இசையை மூன்று முறை, நான்கு முறை வாங்குகின்றோம். முதற் பதிப்பில் இருந்தது இரண்டாவதில் இல்லை. இரண்டாவதில் வந்தது மூன்றாவதில் வேறு வடிவம் கொள்கின்றது. எது படத்தில் நாம் கேட்டது என்பதை உறையைப் பார்த்து அறிய முடிவதில்லை என்கின்றனர். அயலார்க்கு இது செல்வர் வீட்டுக் கவலையாகத் தோன்றலாம். ஆயின், இந்தக் குழப்பம் எவ்வாறு தோன்றியது என்று வரலாற்றிலே தேடிப்பார்ப்போமாயின், இது பேராசையின் கதை மட்டுமன்று, ஒரு கலைப்பொருளின் மூலபாடம் எது என்னும் பழைய வினாவின் புதிய வடிவம் என்பது புலனாகும்.

திரைப்படத்தின் ஒலிப்பதிவையே தட்டாக வெளியிடும் வழக்கம் வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ வைட்' படத்தோடு தொடங்கியதெனப் பொதுவாகக் கொள்வர். அப்படம் 1937 டிசெம்பரில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அடுத்த மாதமே விக்டர் நிறுவனம் மூன்று தட்டுகள் அடங்கிய தொகுதியொன்றை வெளியிட்டது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அக்காலத்துப் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஒலிக்கும். மூன்று தட்டுகளின் ஆறு பக்கங்களையும் கூட்டினாலும் இருபது நிமிடத்தை எட்டுவது அரிது. எனவே, முதற் பதிப்பே சுருக்கப் பதிப்பாக அமைந்தது. எனினும், படத்திலுள்ள பாத்திரங்களும் ஒலிகளுமே தட்டிலும் உள்ளன என்பதை அத்தொகுதி தன் தலைப்பிலேயே கூறியது. வாங்குவோன் தனக்குக் கிடைப்பது யாதென்பதை அறிந்தே வாங்கினான்.

இந்த நேர்மை நெடுநாள் நிலைக்கவில்லை. 1939இல் வெளிவந்த 'த விசார்ட் ஒஃப் ஒஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். அதிலே சிறுமியாக நடித்துப் பாடிய ஜூடி கார்லண்ட் அப்பொழுது டெக்கா நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தார். ஆகவே, 1940இல் டெக்கா வெளியிட்ட தொகுதியில் ஜூடியின் குரல் இருந்தது. ஆயின் அது புதிதாகப் பதியப்பட்ட குரல். ஏனைய பாத்திரங்களின் பாட்டுகளைப் படத்தில் நடித்தோர் பாடவில்லை. கென் டார்பியின் பாடகர் குழுவினர் பாடினர். படத்தின் ஒலியையே கொண்ட தட்டு 1956இல்தான் எம்.ஜி.எம். நிறுவனத்தால் வெளியிடப்பட்டது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் அப்படம் முதன்முறையாகக் காட்டப்பட்ட ஆண்டும் அதுவே. அத்தட்டிலும் பாட்டுகளுக்கிடையே உரையாடல்கள் கலந்திருந்தன. விரிவான பதிப்பு இரண்டு இறுவட்டுகளாக 1995இல் வந்தது. படம் வெளிவந்து 56 ஆண்டுகள் கழிந்த பின்னர், அதன் இசை ஓரளவு முழுமையாகக் கேட்போர் கைக்கு எட்டியது. படத்தைப் பத்து வயதிற் கண்ட பிள்ளைக்கு அப்பொழுது வயது 66.

அதே 1939இல் வந்த 'கோன் வித் த விண்ட்' படத்தின் வரலாறும் இத்தகையதே. மக்ஸ் ஸ்டைனர் அதற்கு அமைத்த இசை இரண்டரை மணி நேரத்துக்கும் மேற்பட்டது. படம் வெளிவந்த காலத்தில் அவ்விசைக்குத் தனித்தட்டு வரவில்லை. 1954இல் ஸ்டைனரே வாத்தியக் குழுவை நடத்த, ஏறத்தாழ அரை மணி நேரப் பகுதி ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்துக்கென மீளப் பதியப்பட்டது. படத்தின் ஒலிப்பதிவைக் கொண்ட தட்டு 1967இல் வந்தது. 1970களின் முற்பகுதியில் சார்ள்ஸ் கேர்ஹார்ட் இலண்டனில் அவ்விசையைப் புதிதாக நடத்தி வெளியிட்டார். 1996இல் மூலப்பதிவு இரண்டு இறுவட்டுகளாக விரிந்தது. இவற்றுள் எது உண்மையான பதிப்பு? 1954ஆம் ஆண்டுத் தட்டில் இசையமைத்தவரின் கை இருக்கின்றது. ஆயின் படத்தின் ஒலி இல்லை. 1967ஆம் ஆண்டுத் தட்டில் படத்தின் ஒலி உண்டு, முழுமை இல்லை. கேர்ஹார்ட்டின் பதிப்பில் ஒலித்தெளிவு உண்டு. ஆயின் அது பிறிதொரு குழுவின் வாசிப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நியாயம் உண்டு. ஆனால், நான்கும் ஒரே படத்தின் பெயரைத் தாங்கிக் கடையிலே ஒரே வரிசையில் நிற்கும்பொழுது, புதிதாக வாங்க வருவோன் மயங்காமல் என் செய்வான்?

இந்த வேறுபாடுகள் தோன்றியமைக்குச் சில காரணங்கள் உள. முதலாவது, தட்டின் அளவு. 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரத் தட்டை அறிமுகம் செய்த பின்னரும், ஒரு பக்கத்திலே இருபது நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட இசையையே செவ்வையாகப் பதிக்கக்கூடியதாயிருந்தது. இரண்டு மணி இசையை நாற்பது நிமிடத்துக்குள் அடக்க வேண்டுமாயின், யாரோ ஒருவர் கத்தரிக்கோலை எடுத்தே ஆகவேண்டும்.

இரண்டாவது, ஊதியம். அமெரிக்க வாத்தியக்காரர் சங்கத்தின் ஒப்பந்தப்படி, படத்துக்காக வாசித்த இசையைத் தட்டாக வெளியிடுவதாயின் வாசித்தோர்க்கு மறுபடியும் ஊதியம் வழங்கல் வேண்டும். இது தொழிலாளரின் நியாயமான உரிமை. ஒருவருடைய உழைப்பு இரு முறை விலைபோகும்பொழுது அவர்க்கு இரு முறை கூலி கிடைத்தலே முறை. ஆயினும், அதன் விளைவாக நிறுவனங்கள் செலவைக் குறைக்கக் கருதி, முப்பது நிமிட அளவிலே தட்டைச் சுருக்கின. சிலவேளை வேறொரு குழுவைக்கொண்டு மீள வாசிப்பித்தன. கலைஞரின் நியாயமான கூலியும் கேட்போரின் நியாயமான விருப்பமும் எதிரெதிரே நின்ற இடம் இதுவாகும்.

மூன்றாவது, ஒப்பந்தம். 1954இல் வெளிவந்த 'வைட் கிறிஸ்மஸ்' படத்தில் பிங் குரொஸ்பியும் றோஸ்மேரி குளூனியும் பாடினர். குரொஸ்பி டெக்காவுக்குரியவர், குளூனி கொலம்பியாவுக்குரியவர். ஆகவே, டெக்கா வெளியிட்ட தட்டில் குளூனிக்குப் பதிலாகப் பெகி லீ பாடினார். குளூனி அப்பாட்டுகளைத் தம் நிறுவனத்துக்கெனத் தனியே பாடி வெளியிட்டார். திரையிலே ஒன்றாகப் பாடிய இருவரையும் தட்டிலே ஒன்றாகக் கேட்க வழியில்லாமற் போயிற்று. 1961ஆம் ஆண்டின் 'பிரேக்ஃபஸ்ட் அட் டிஃபனிஸ்' படத்திலே ஓட்ரி ஹெப்பேர்ன் யன்னலோரத்தில் அமர்ந்து பாடும் பாட்டை உலகமே அறியும். ஹென்றி மன்சினி தட்டுக்கென அப்படத்தின் இசையை மீளப் பதிந்தபொழுது, அந்நடிகையின் குரல் அதிற் சேரவில்லை. குழுவினரின் குரலே சேர்ந்தது. நடிகை 1993இல் மறைந்த பின்னரே அவர் பாடிய வடிவம் இசைத்தட்டுலகிற்கு வந்தது.

நான்காவது காரணம், காலமும் தற்செயலும். அல்பிரட் ஹிச்சொக்கின் 'வேர்ட்டிகோ' படத்துக்கு பேர்னாட் ஹெர்மன் அமைத்த இசையை 1958இல் பதியவிருந்த வேளையில் அமெரிக்காவில் வாத்தியக்காரர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆகவே, பதிவு இலண்டனுக்குச் சென்றது. மியூர் மத்தீசன் குழுவை நடத்தினார். அங்குள்ள கலைஞரும் அமெரிக்கத் தோழர்க்கு ஆதரவாக வாசிப்பை நிறுத்தவே, எஞ்சிய பகுதி வியன்னாவிலே பதியப்பட்டது. இலண்டனிற் பதிந்தது ஸ்டீரியோ முறையிலும், வியன்னாவிற் பதிந்தது மோனோ முறையிலும் அமைந்தன. ஆகவே, அவ்விசையின் மூலப்பதிவே இரு நகரங்களில், இரு குழுக்களால், இரு முறைகளில் ஆக்கப்பட்டதாயிற்று. அதே ஆண்டில் வந்த தட்டு அதில் ஒரு பகுதியையே தந்தது. விரிவான பதிப்பு 1996இல் வந்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கேட்போனுக்கு, ஒலி இடையிடையே ஏன் மாறுகின்றது என்பது இந்த வரலாறு தெரிந்தாலன்றி விளங்காது.

ஸ்டீரியோ முறை பரவிய பின்னர் பிறிதொரு கலப்பும் நுழைந்தது. 1960களில், பழைய மோனோ பதிவுகளை மின்முறையாற் பிரித்து, தாழ்ந்த ஒலியை ஒரு பக்கமும் உயர்ந்த ஒலியை மறுபக்கமும் தள்ளி, ஸ்டீரியோ என்று பெயரிட்டுப் பல நிறுவனங்கள் விற்றன. நல்ல பாலிலே நீர் கலந்து, அளவு கூடியது என்று சொல்வதை இது ஒக்கும். இதனாலேயே சேகரிப்போர் பலர், புதிய பதிப்பைக் கண்டதும் மகிழாமல், முதலில் ஐயுறக் கற்றனர்.

தட்டே வராமையால் விளைந்த துன்பமும் உண்டு. 1982இல் வெளிவந்த 'பிளேட் ரன்னர்' படத்தின் இறுதியிலே, வங்கெலிஸ் அமைத்த இசை தட்டாக வரும் என்ற அறிவித்தல் காட்டப்பட்டது. தட்டு வரவில்லை. அதற்குப் பதிலாக, வேறொரு வாத்தியக் குழு அவ்விசையைத் தழுவி வாசித்த தட்டொன்று அவ்வாண்டிலேயே விற்பனைக்கு வந்தது. வங்கெலிஸின் பதிப்புக்கு இரசிகர்கள் 12 ஆண்டுகள் காத்திருந்தனர். 1994இல் அது வந்தபொழுது, படத்தில் இல்லாத சில பகுதிகள் அதிற் சேர்ந்திருந்தன. படத்தில் உள்ள பல பகுதிகள் விடுபட்டிருந்தன. இசையினூடே படத்தின் உரையாடலும் கலந்திருந்தது. 2007இல் மூன்று இறுவட்டுகளாக வந்த பதிப்பும் அவர்களின் தாகத்தை முற்றாகத் தணிக்கவில்லை. அதன் மூன்றாவது தட்டு புதிதாக ஆக்கிய இசையாகும். இந்த இடைவெளியிலே கள்ளப் பதிப்புகள் பல உலாவின. நேர்வழியில் தராதபொழுது மக்கள் குறுக்குவழியிற் பெறுவர். அதனை நான் ஆதரிக்கவில்லை. ஆயினும் அதன் காரணத்தை மறைத்தலும் நேர்மையாகாது.

இவ்விடத்தில் மறுபக்கத்தையும் சொல்லுதல் வேண்டும். முழுமையான பதிப்பே எப்பொழுதும் சிறந்தது என்று கொள்ளலாகாது. 1977இல் 'ஸ்டார் வோர்ஸ்' படத்தின் இசை இரட்டைத் தட்டாக வந்தபொழுது, ஜோன் வில்லியம்ஸ் அதனைக் காட்சி வரிசைப்படி அடுக்காமல், கேட்பதற்கு இயைந்த வேறொரு வரிசையில் அமைத்தார். 1993இலும் 1997இலும் விரிந்த பதிப்புகள் வந்தன. எனினும், அந்த முதலாவது இரட்டைத் தட்டு ஆசிரியர் தாமே அமைத்த வடிவம் என்னும் சிறப்பை இழக்கவில்லை. நீளமானது எதுவோ அதுவே மூலம் என்று வாதிப்போர், சுருக்கமும் சிலவேளை ஆக்கியோன் கருத்தாயிருக்கலாம் என்பதை மறக்கின்றனர்.

இறுவட்டு யுகத்திலே சிறு நிறுவனங்கள் சில இத்துறையிற் புகுந்து அரிய தொண்டு செய்தன. 'பிலிம் ஸ்கோர் மன்த்லி' என்னும் அமெரிக்கச் சஞ்சிகை 1996 முதல் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளில் 250 இறுவட்டுகளை வெளியிட்டது. தட்டோடு வந்த சிறு நூல்களிலே, எந்நாளில், எவர் நடத்த, எந்த ஒலிநாடாவிலிருந்து அவ்விசை எடுக்கப்பட்டது என்பவை விரிவாகக் கூறப்பட்டன. ஆயினும், இத்தகைய பதிப்புகள் பெரும்பாலும் ஆயிரம், மூவாயிரம் என்னும் அளவிலேயே அச்சிடப்பட்டன. அவை தீர்ந்த பின்னர், உறையைப் பிரியாமல் வைத்திருந்தோர் பன்மடங்கு விலைக்கு விற்றனர். இசையைக் கேட்பதற்கன்றி ஒளித்து வைப்பதற்கே வாங்குவோர் சேகரிப்போர் ஆகார். அவர்கள் நெல்லைப் பதுக்கும் வணிகரோடு ஒப்பாவர்.

நம் நாட்டு நேயர்க்கு இவ்விடயம் முற்றிலும் புதிதன்று. இலங்கை வானொலியிற் பழைய தமிழ்ப் படப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தோர், படத்தில் வரும் சரணமொன்று தட்டிலே இல்லாதிருத்தலையும், நீண்ட பாட்டொன்று தட்டின் இரு பக்கங்களுக்குமாகப் பிளவுபட்டிருத்தலையும் அறிவர். ஒரே பாட்டு மகிழ்ச்சியாக ஒருமுறையும் துயரமாக ஒருமுறையும் படத்தில் வர, தட்டிலே ஒன்று மட்டும் இடம்பெறுதலும் உண்டு. எந்த வடிவத்தை நாம் முதலிற் கேட்டோமோ, அதுவே மனத்தில் மூலமாகப் பதிந்துவிடுகின்றது. தட்டு சொல்லாததை நினைவு தானாகவே நிரப்பிக்கொள்கின்றது.

இதற்கு மருந்து யாது? நம் இலக்கிய வரலாறே வழிகாட்டுகின்றது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்டபொழுது அப்பெரியோர் அதனை மறைக்கவில்லை. ஏடு கிடைத்த இடத்தையும், ஏடு தந்தோர் பெயரையும் முகவுரையிலே கூறினர். பாடபேதங்களைக் காட்டினர். பிற்காலத்தில் திருத்தமான ஏடு கிடைத்தபொழுது மறுபதிப்பிலே திருத்தினர். சீவகசிந்தாமணியின் முதற் பதிப்பை வாங்கியவன், இரண்டாம் பதிப்பைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ணவில்லை. அறிவு வளர்ந்ததென்றே எண்ணினான். பதிப்புப் பலவாயிருத்தல் குற்றமன்று. பதிப்பு தன்னைப் பற்றி மௌனமாயிருத்தலே குற்றம்.

தட்டின் உறைக்கும் இதே ஒழுக்கம் பொருந்தும். இசை படத்துக்கெனப் பதிந்ததா, தட்டுக்கென மீளப் பதிந்ததா? எந்த ஆண்டில், எவர் வாசித்தது? எந்த நாடாவிலிருந்து எடுத்தது? முந்திய பதிப்பிலிருந்து எது சேர்ந்தது, எது நீங்கியது? இவற்றை நான்கு வரியிற் சொல்லிவிடலாம். அந்நான்கு வரிகளுக்காகும் மை பெரிய செலவன்று.

இதிலே காலதாமதம் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. ஒலிநாடாக்கள் அழியும் பொருள்கள். 2008ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹொலிவூட்டிலுள்ள யுனிவேர்சல் வளாகத்திலே தீப்பிடித்தபொழுது, மூல ஒலிநாடாக்கள் வைத்திருந்த களஞ்சியமொன்றும் எரிந்தது. அந்த இழப்பின் பரப்பைப் பொதுமக்கள் விரிவாக அறிந்தது 2019இலேயே. மூலம் அழிந்தபின், முன்னர் வெளிவந்த பதிப்புகளே சாட்சியாக எஞ்சும். அச்சாட்சிகள் தம் பிறப்பைச் சொல்லாதனவாயின், பின்வருவோர் எதனைக் கொண்டு மூலத்தை மீட்பர்?

தந்தையார் காலமாகிச் சில ஆண்டுகளின் பின்னர், அந்தப் பழைய படத்தின் விரிந்த பதிப்பு எனக்குக் கிடைத்தது. இசையைக் கேட்பதற்கு முன்னரே, உடன் வந்த சிறு நூலை வாசித்தேன். முதற் தட்டு மீளப் பதிந்தது என்பதும், கப்பற் காட்சியின் இசை நீளம் கருதி அதில் விடப்பட்டது என்பதும் அங்கே தெளிவாகக் கூறப்பட்டிருந்தன. அதனை வாசித்தபொழுது பழைய தட்டின் மேல் எனக்கிருந்த மனத்தாங்கல் நீங்கிற்று; ஆயின், அந்த வரிகள் அன்றே அந்த உறையில் இருந்திருக்கலாமே என்ற எண்ணம் நீங்கவில்லை. பிறகு இசையைக் கேட்டேன். கப்பல் புறப்பட்டது. கேட்க வேண்டியவர் பக்கத்தில் இல்லை.